குணம் தெரியவில்லை என்று எழுதினேன்

எஸ்.எஸ்.எல்.சி. பரீட்சையை நான் இரண்டு முறை எழுதினேன். முதல் முறை கணக்கில் மட்டும் போயிற்று. இரண்டாம் முறை கணக்கோடு இங்கிலீஷும் சேர்ந்து போயிற்று. மூன்றாம் முறை எழுதியிருந்தால் தமிழையும் இழந்திருப்பேன் என்ற பயத்தில் நிறுத்திக்கொண்டேன். ஆனால் என் கையெழுத்து மட்டும் அச்சில் வார்த்ததுபோல் இருக்கும். அந்தக் கையெழுத்தை நம்பித்தான், தென்காசியிலிருந்து குற்றாலம் போகிற சாலையில் இருந்த ஒரு வைத்தியசாலையில் என்னை எழுத்து வேலைக்கு எடுத்தார்கள். ஐம்பத்தெட்டாம் வருஷம். எனக்கு வயது இருபத்துமூன்று.

மனநோய் என்றெல்லாம் அப்போது யாரும் சொல்வதில்லை, பைத்தியம்தான். அருவியில் நின்றால் தெளியும் என்று நம்பி எங்கிருந்தெல்லாமோ ஆட்களைக் கூட்டி வந்து எங்களிடம் விட்டுவிட்டுப் போவார்கள். தலையை மழித்து, பச்சிலை அரைத்து அப்பி, துணியால் கட்டி, விடிந்ததும் அருவிக்குக் கூட்டிப் போவது. திரும்பி வந்ததும் கஷாயம். இதுதான் வைத்தியம். சீசன் சமயத்தில் வெளியூர்க்காரர்கள் எண்ணெய் தேய்த்துக்கொண்டு வந்து அதே அருவியில் நின்று 'ஆகா ஆகா' என்று கத்துவார்கள். அவர்களை யாரும் பிடித்துக் கட்டிப்போடுவதில்லை.

வைத்தியரை நாங்கள் ஐயா என்போம். நல்ல சிவப்பு, நரைத்த மீசை, உரத்த குரலில் ஒரு வார்த்தை பேசமாட்டார். ஊரில் எந்தக் கல்யாணப் பந்தலிலும் அவருக்கு முதல் வரிசை நாற்காலி.

என் வேலை கார்டு எழுதுவது. நோயாளி எப்படி இருக்கிறார் என்று மாதம் ஒரு கார்டு வீட்டுக்குப் போகவேண்டும். ஒன்றாம் தேதி காலையில் ஐயா வெற்றிலையை மென்றுகொண்டு வாசல் நிலையில் சாய்ந்து நிற்பார்.

"மூணாம் ரூமுக்குக் குணம் தெரியுது. நாலுக்கு இல்ல. அஞ்சு இழுவதான். ஆளுக்கு நாலு வரி எழுதிப் போடுடே."

அவ்வளவுதான் தகவல். 'குணம் தெரியவில்லை' என்பது ஒரு வரி. மிச்சம் மூன்று வரிக்கு நான் எங்கே போவது? இங்கேதான் என் திறமை வேலை செய்தது. 'தங்கள் தம்பி நேற்று முன்தினம் தம்மைச் செங்கோட்டை ஸ்டேஷன் மாஸ்டர் என்று கூறிக்கொண்டு பச்சைக் கொடி கேட்டார்' என்று ஒருவருக்கு எழுதினேன். அந்தத் தம்பி பாவம், மூலையில் சுருண்டு கிடந்தாரே தவிர, கொடி கேட்கவில்லை, சோறுகூடக் கேட்கவில்லை. இன்னொருவர் என் கார்டில் நிலாவுக்கு மனுப் போட்டார். ஐயா வாங்கிப் படித்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார்.

"நல்லா எழுதுதடே! நேர்ல பாத்த மாதிரி இருக்கு."

பள்ளிக்கூடத்தில் எவனும் என் எழுத்தை அப்படிப் பாராட்டியதில்லை. மண்டைக்கு ஏறிவிட்டது. அடுத்த மாதத்திலிருந்து நாலு வரி ஆறு வரியாயிற்று.

அறுபதாம் வருஷம் தை மாதத்தில் வாசுதேவநல்லூர்ப் பக்கமிருந்து ஒரு பெண்ணைக் கொண்டு வந்து விட்டார்கள். முப்பது வயதிருக்கும். புருஷன் இறந்து ஒரு வருஷம். எட்டு வயதில் ஒரு மகள். புருஷனின் பங்கு வயல் அவள் பேரில் இருந்தது. கொண்டுவந்து விட்டவர் புருஷனின் அண்ணன். அவர் மாதா மாதம் ஒரு வாழைத்தாரோடு வருவார். மற்ற வீட்டுக்காரர்கள் எல்லாம் வந்தவுடன் "எப்பய்யா குணமாகும், எப்பய்யா கூட்டிட்டுப் போகலாம்" என்று அழுவார்கள். இவர் ஒருவர் மட்டும், "அவசரமே இல்ல ஐயா, நிதானமாப் பாருங்க" என்பார். நான் அந்தத் தாரில் இரண்டு பழம் பிய்த்துத் தின்றுகொண்டே, எவ்வளவு பொறுமையான மனிதர் என்று நினைத்தேன். என் புத்தி அப்போது அந்த அளவில்தான் வேலை செய்தது.

அவளுக்கும் கார்டு எழுதினேன். 'பகலில் சுவரோடு பேசுகிறார். இரவில் ராகம் போட்டுப் பாடுகிறார். பரிமாறியவரைக் கடிக்க வந்தார்.' ஆறு மாதம், ஆறு கார்டு. ஒன்றைவிட ஒன்று பிரமாதம்.

இதை எழுதிக்கொண்டிருந்த காலத்தில் அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்றால், அடுப்படியில் அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். சமையல்காரர் உப்பு மறந்தால் எடுத்துக் கொடுத்தாள். பக்கத்து அறையில் கிடந்த கிழவிக்குத் தலை துவட்டிவிட்டாள். கஷாயம் கூடுதலாகக் குடித்த நாளில் மட்டும் கண் செருகிச் சுவரில் சாய்ந்திருப்பாள்.

ஒருநாள் என் வாய்த்துடுக்கில் கேட்டுவிட்டேன். "ஏங்க்கா, உங்களுக்கு நெசமாவே பைத்தியமா?"

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "இங்கன இருக்கவுக எல்லாருந்தான் தனக்கு ஒண்ணும் இல்லன்னு சொல்லுதாக. நானும் சொன்னா நம்பவா போறிய? அதான் நான் ஒண்ணும் சொல்லுதது இல்ல."

நான் இரண்டு வருஷமாக அங்கே கேட்டதிலேயே தெளிவான பேச்சு அதுதான். ஐயா பேசியதையும் நான் பேசியதையும் சேர்த்தே சொல்கிறேன்.

ஆனி மாதம் ஐயா என்னைக் கூப்பிட்டார். அந்தப் பெண்ணைப் பற்றி அவர் வீட்டுக்குப் போன கார்டுகள் அத்தனையையும் புருஷனின் அண்ணன் பத்திரமாகத் திருப்பிக் கொண்டுவந்திருந்தார். "இதையெல்லாம் முழுத்தாள்ல வரிசையா நகல் எடுடே. கோர்ட்டுக்கு வேணுமாம். அவளால எதையும் பாக்க முடியாதுன்னா வயலையும் பிள்ளையையும் இவருதானே பாத்தாகணும்."

எழுத உட்கார்ந்தேன். 'இரவில் ராகம் போட்டுப் பாடுகிறார்.' சிரிப்புக்காக எழுதிய வரி. இப்போது அது சாட்சி. என் அழகான கையெழுத்தில் ஒருத்தியின் நிலமும் மகளும் போகப்போகிறது. இரண்டாவது பக்கத்தில் பேனாவை மூடிவைத்துவிட்டு வெளியே எழுந்து போனேன்.

அதற்குமேல் ஒன்று நடந்தது. நோயாளிகளை அருவிக்குக் கூட்டிப்போகிற ஆள் ஒருவர் உண்டு. ஆறடி உயரம், தோள் மட்டும் மூன்றடி இருக்கும். அவரை அண்ணாச்சி என்பேன். அவர் வெளிமுற்றத்தில் ஊமத்தங்காய் நறுக்கிக்கொண்டிருந்தார்.

"இது யாருக்கு அண்ணாச்சி?"

"அந்த வாசுதேவநல்லூர்ப் பொம்பளைக்குத்தான். வார திங்கக்கெழம கோர்ட்டு ஆளு அவளப் பாக்க வாறாராம். ஞாயித்துக்கெழமையே ரெண்டு வேள சேத்துக் குடுக்கச் சொல்லியிருக்காரு ஐயா."

"எதுக்கு?"

"அமைதியா இருக்கத்தான். பின்ன எதுக்கு?"

ஏற்கெனவே அமைதியாக இருக்கிறவளை இன்னும் எவ்வளவு அமைதியாக்குவது? அன்று செவ்வாய்க்கிழமை. நடுவில் ஐந்து நாள். நான் கோபத்தோடு பஸ் ஏறித் தென்காசி போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனேன். வாழ்க்கையில் முதல் வீரச்செயல். அதைச் செய்வதற்கு முன்னால் கண்ணாடி பார்த்திருக்கவேண்டும்.

விஷயம் என்னவென்றால், அந்த இடத்தில் எல்லோருக்கும் பேன். எனக்கும் பிடித்துவிட்டது. சனிக்கிழமை நோயாளிகளை மழிக்க வந்தவர், "உமக்கும் சேத்து எடுத்துருவமா?" என்றார். இலவசம் என்றால் நான் எதையும் வேண்டாம் என்று சொன்னதில்லை. மழித்த பிறகு தலை எரிந்தது. அரைத்து வைத்திருந்த பச்சிலையையும் கொஞ்சம் எடுத்துத் தடவிக்கொண்டேன். அது நாலு நாளானாலும் போகாது. ஆக, பச்சை நிற மொட்டைத் தலையோடு, மூச்சு வாங்க, ஸ்டேஷனுக்குள் நுழைந்து, "குற்றால ரோட்டு வைத்தியசாலையிலிருந்து வாறேன். அங்கே பெரிய அநியாயம் நடக்குது" என்றேன்.

ஏட்டையா எழுந்தே விட்டார். "வாப்பா, வா. உக்காரு. ஓடியா வந்த?"

போலீஸ் இவ்வளவு மரியாதை தரும் என்று நான் எதிர்பார்க்கவில்லை. தேநீர் வாங்கிவரச் சொன்னார்.

"அப்பா பேரு ஞாபகம் இருக்கா?"

சொன்னேன்.

"இன்னைக்கு என்ன கெழம?"

"செவ்வாய்."

"பாத்தியா, சரியாச் சொல்லுதான்!" என்று பக்கத்திலிருந்த போலீஸ்காரரிடம் பெருமையாகச் சொன்னார். அவர் தலையாட்டிவிட்டு வெளியே போனார். புகாரைப் பதிவு செய்யக் காகிதம் எடுக்கப் போகிறார் என்று நினைத்தேன். அவர் வைத்தியசாலைக்கு ஆளனுப்பப் போயிருந்தார்.

நான் எல்லாவற்றையும் கொட்டினேன். "அந்த அம்மாளுக்குப் பைத்தியமே இல்லை ஐயா."

"இல்லவே இல்ல."

"வைத்தியர்தான் மருந்து குடுத்து மயக்கத்தில் வைக்கிறார்."

"அப்பிடியா! மோசமான ஆளால்லா இருக்காரு. டீயக் குடி, ஆறிரப்போகுது."

"எனக்கும் பைத்தியம் இல்லை" என்றேன். இதைச் சொல்லியிருக்கக்கூடாது. யாரும் கேட்கவில்லையே.

"சே சே, யாரு சொன்னா?" என்று என் முதுகைத் தடவிக்கொடுத்தார் ஏட்டையா.

முக்கால் மணி நேரத்தில் குதிரை வண்டியில் அண்ணாச்சி வந்து இறங்கினார். என்னைப் பார்த்ததும் வாயில் கை வைத்தார். "ஏ, இது எங்க ரைட்டர்லா!"

ஏட்டையாவின் முகம் மாறியது. "ரைட்டரா? பின்ன ஏம்லே மொட்ட?"

"பேன் ஐயா."

என் கையிலிருந்த பாதி டீ கிளாசை வாங்கி மேசையில் வைத்தார். பைத்தியமாக இருந்தவரை எனக்கு அந்த ஸ்டேஷனில் டீ கிடைத்தது. புத்தி சுவாதீனம் உள்ளவன் என்று தெரிந்ததும் எழுந்து நிற்கச் சொன்னார்கள்.

"ஏம்லே, எங்க மதினிக்குத் தெளிய வச்ச மனுசன் மேலயா பிராது குடுக்க வந்த? சாட்சி என்ன இருக்கு?"

"அந்த அம்மாளைப் பத்தின கார்டு எல்லாம் பொய் ஐயா. அதைத்தான் கோர்ட்டில் குடுக்கப்போறாங்க."

"கார்ட எழுதினது யாரு?"

"நான்."

"பொய்யின்னு தெரிஞ்சுதான் எழுதினியா?"

"தெரிஞ்சுதான்."

"அப்ப மொதல்ல ஒன்னயல்லா லே உள்ள தள்ளணும்!"

அந்த மனிதர் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. அதுதான் எரிச்சலாக இருந்தது. அவர் தப்பாகப் பேசியிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம்.

வண்டியில் வரும்போது அண்ணாச்சி பீடியைப் பற்றவைத்துக்கொண்டு சொன்னார்: "நீரு சொல்லுதது நெசமாவே இருக்கட்டும் வே. ஐயா உள்ள போயிட்டா, மிச்சம் இருக்க இருவது பேத்தையும் யாரு குளிப்பாட்டுவா? யாரு சோறு போடுவா? நீரு போடுவீரா?"

அன்றைக்கு எல்லோருக்கும் என்மேல் ஒரு குறை இருந்தது. குதிரைக்கு மட்டும்தான் என்மேல் ஒரு குறையும் இருப்பதாகத் தெரியவில்லை.

ஐயா திட்டுவார், வேலையை விட்டு அனுப்புவார் என்று பார்த்தேன். அவர் என்னை எதிரில் உட்காரவைத்தார்.

"ராத்திரி தூக்கம் வருதாடே?"

"வருது ஐயா."

"பசி?"

"இருக்கு."

"யாரோ சதி செய்யுதாக, மருந்து வச்சு மயக்குதாக, அப்பிடியெல்லாம் தோணுதா?"

ஆமாம் என்றால் நோய். இல்லை என்றால் ஸ்டேஷனில் சொன்னது பொய்.

"உடம்புச் சூடு. ரெண்டு நாளு கஷாயம் சாப்பிடு, சரியாப் போகும்." அவர் குரலில் கோபம் துளிகூட இல்லை. இந்த மனிதர் குற்றவாளியா, வாழைத்தார் கொண்டுவந்தவன் சொன்னதை அப்படியே நம்புகிற சோம்பேறியா, இன்றுவரை என்னால் சொல்லமுடியவில்லை. ஊமத்தங்காயை நினைத்தால் முதலாவது. அவர் முகத்தை நினைத்தால் இரண்டாவது. கஷாயம் வந்தது. வாழைமரத்துக்கு ஊற்றினேன்.

புதன்கிழமை காலை அடுப்படிப் பக்கம் போய் அவளிடம் மெதுவாகக் கேட்டேன். "உங்களுக்குன்னு வேற யாரு இருக்கா?"

"திருவேங்கடத்துல எங்க அண்ணன். அவனுக்கு நான் இங்கன கெடக்குதது தெரியும். பைத்தியம்னு நம்பிட்டான்." முறத்தைத் தட்டிக்கொண்டே, "கார்டுகளக் காட்டுனாகளாம்" என்றாள்.

அந்தக் கார்டுகளை எழுதியவன் எதிரில் நிற்பவன்தான் என்று அவளுக்கு அப்போது தெரியாது. நானும் சொல்லவில்லை. விலாசத்தை மட்டும் கேட்டுக்கொண்டேன்.

மேசைக்கு வந்து கார்டை எடுத்தேன். அலங்காரம் எதுவும் வரவில்லை. 'தங்கள் தங்கை நன்றாக இருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைக்குள் வந்து கூட்டிச் செல்லவும்.' இரண்டே வரி. தபால் பெட்டியில் போட்டுவிட்டுத் திரும்பும்போதுதான் என்ன செய்தேன் என்று உறைத்தது. இரண்டு வருஷப் பழக்கம். கார்டை முடித்ததும் கை தானாக மைப்பெட்டிக்குப் போய், வைத்தியசாலையின் ரப்பர் முத்திரையை அதில் குத்திவிட்டிருந்தது.

சனிக்கிழமை மதியம் அவளுடைய அண்ணன்காரர் வந்தார். கரிசல்காட்டு மனிதர், வெயிலில் வெந்த முகம். துண்டு மடிப்பிலிருந்து கார்டை எடுத்து இரண்டு கையாலும் ஐயாவிடம் நீட்டிவிட்டு, தடாலென்று காலில் விழுந்தார்.

"சாமி, குணமாயிட்டுன்னு எழுதியிருந்திய. எந்தங்கச்சிய மீட்டுக் குடுத்திட்டிய."

ஐயா கார்டைப் படித்தார். முத்திரையைப் பார்த்தார். கையெழுத்தைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் சுவரோடு ஒட்டி நின்றேன்.

"எந்திரிங்க" என்றார் ஐயா. "நாந்தான் எழுதச் சொன்னேன். ஆறு மாசத்துல எப்பிடித் தெளிஞ்சிட்டா பாருங்க."

"ஐயா, இந்த அம்மாளுக்கு..." என்று ஆரம்பித்தேன். அவள் பின்கட்டு வாசலில் மூட்டையோடு நின்றிருந்தாள். என்னைப் பார்த்த பார்வையில் ஒன்றே ஒன்றுதான் இருந்தது: வாயை மூடு. நான் உண்மையைச் சொன்னால் அண்ணன் குழம்புவான், விசாரிப்பான், திங்கட்கிழமை வந்துவிடும். குணமாகிவிட்டது என்ற பொய்யில் அவள் இந்த நிமிஷமே வெளியே போகலாம். வாயை மூடிக்கொண்டேன். ஐயா தன் கையாலேயே, பூரண குணம் அடைந்தார் என்று ஒரு தாளில் எழுதி, கையெழுத்துப் போட்டு, திருநீறு பூசி அனுப்பினார்.

பஸ் நிற்கிற இடம்வரை மூட்டையைத் தூக்கிப் போனேன். அண்ணன்காரர் பேச்சுவாக்கில் கார்டு எழுதுகிறவன் நான்தான் என்று தெரிந்துகொண்டு, என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அவள் திரும்பினாள்.

"நான் ராகம் போட்டுப் பாடுதேன்னு எழுதினது நீங்கதானா?"

"ஆமா."

"எனக்குப் பாட்டே வராது" என்றாள். பஸ் ஏறிவிட்டாள்.

அண்ணனோடு நேரே வாசுதேவநல்லூர் போய் மகளைக் கூட்டிக்கொண்டாள் என்றும், வயலில் அவளே நின்று நாற்று நடுகிறாள் என்றும் பிற்பாடு கேள்விப்பட்டேன். ஐயாவே எழுதிய தாள் அவள் கையில் இருந்ததால் கோர்ட்டு வழக்கு நிற்கவில்லை. புருஷனின் அண்ணன் வாழைத்தாரோடு அப்புறம் வரவில்லை.

நான் மறுபடி புகார் கொடுக்கலாம் என்று பலநாள் யோசித்தேன். கலெக்டருக்கு எழுதலாம். என்ன எழுதுவது? அவள் பைத்தியமாக இருந்தாள் என்பதற்கு ஆறு கார்டு இருக்கிறது. குணமானாள் என்பதற்கு முத்திரை குத்திய ஒரு கார்டு இருக்கிறது. ஏழும் என் கையெழுத்து. நோயும் நான், மருந்தும் நான். நடுவில் ஐயா தப்புச் செய்ததாக ஒரு எழுத்துகூட எங்கும் இல்லை; அவர் கையால் எழுதியது பூரண குணம் என்ற ஒரு தாள்தான். இத்தனைக்கும் நடுவில் மிச்சம் இருந்த இருபது பேரையும் தினமும் பார்க்கவேண்டியிருந்தது. இதில் எத்தனை பேர் அவளைப்போல? முறத்தை ஒழுங்காகப் பிடிக்கத் தெரிந்ததால் ஒருத்தியைக் கண்டுபிடித்தேன். அரிசி புடைக்கத் தெரியாதவர்களை எப்படிக் கண்டுபிடிப்பது?

ஐயா அந்த ஏழு கார்டையும் ஒரு அட்டையில் வரிசையாக ஒட்டிக் கூடத்தில் மாட்டினார். புதிதாக ஆள் கொண்டுவருகிறவர்களுக்கு அவரே படித்துக் காட்டுவார். புரட்டாசியில் கீழப்பாவூரிலிருந்து ஒரு தகப்பனார் தன் மகனைக் கூட்டிவந்தார். இருபது வயதுப் பையன்; தலை குனிந்து நின்றான். தகப்பனார் கார்டுகளைக் கேட்டுவிட்டு, "இவ்வளவு முத்தினதா தெளிஞ்சுது? நெசமா ஐயா?" என்றார்.

"எழுதினவரு இங்கனதான் இருக்காரு. கேட்டுக்கிடுங்க."

இருவரும் என்னைப் பார்த்தார்கள். இந்தத் தடவை விடக்கூடாது என்று எழுந்தேன். "அந்த அம்மாளுக்குப் பைத்தியம் இருந்ததே இல்லை" என்றேன், தெளிவாக, நிறுத்தி.

தகப்பனாரின் கண் நிறைந்துவிட்டது. "இருந்ததே இல்லன்னு சொல்லுத அளவுக்கு ஆக்கிட்டியளா சாமி!" என்று ஐயாவின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்படி இல்லை. கூட்டிக்கொண்டு போங்க. வேற பெரிய ஆஸ்பத்திரியில் காட்டுங்க" என்று கத்தினேன்.

"உடம்புச் சூடு" என்றார் ஐயா அவரிடம், என்னைக் காட்டி, பரிவோடு. "அப்பப்ப வரும்." பிறகு என்னிடம், "இந்தப் பையனுக்கு ஒரு கார்டு எடுத்து வையிடே, வெலாசம் எழுதிக்க."

நான் வெளியே வந்தேன். வாசலில் நின்ற சைக்கிளில் ஏறி ஒரே மிதி. மேலகரம் தாண்டியபிறகுதான் அது ஐயாவின் சைக்கிள் என்று ஞாபகம் வந்தது. திருப்பி விடப் போகப் பயம், கொண்டுபோகவும் பயம். தென்காசி வந்து வீட்டுச் சுவரில் சாய்த்துவைத்துவிட்டு, ஸ்டேஷனிலிருந்து எந்த நேரமும் ஆள் வரும் என்று இரண்டு நாள் உள்ளேயே கிடந்தேன். மூன்றாம் நாள் அண்ணாச்சி வந்து சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். ஐயா என்மேல் புகார் எதுவும் கொடுக்கவில்லையாம்; 'உடம்புச் சூட்டுக்காரன் மேல என்னத்த பிராது குடுக்க' என்றாராம்.